மலைக்கு ஏறிய கடல்

ஞானப்பிரகாசம் பொய் சொன்னது ஒரு சனிக்கிழமை பின்னேரம். சொன்ன இடம் மாதா கோயிலில் சுவாமியார் தங்குகிற அறைவீடு, சொன்னது அந்தச் சுவாமியாருக்கு. இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடித்திருக்க அவரால் முடியாது. "பிள்ளைக்குச் சம்மதம்தானே?" என்று சுவாமியார் பேனையும் கையுமாகக் கேட்டார். "ஓம் சுவாமி, பூரண சம்மதம்" என்று மனுசன் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். உண்மையில் பிள்ளையை அவர் கேட்கவே இல்லை. கேட்பதற்கு அவள் முல்லைத்தீவில் இருந்தால்தானே? அவள் இரண்டு றெயில் மாறிப் போகவேண்டிய தூரத்தில், மலைமுதுகில் ஒரு பட்டினத்தில் இருந்தாள்.

அந்தக் கரையில் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னாரின் மகளை முடிக்கப்போகிறான், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சுவாமியார் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். சனம் இருமும், குழந்தைகள் சிணுங்கும், ஒருவரும் எழும்பமாட்டார்கள். அந்தக் கோயில் கட்டின நாள் தொடக்கம் ஒருவரும் எழும்பியதில்லை. மூன்றாம் அறிவித்தல் வாசித்து, வருகிற புதன்கிழமை கலியாணம்.

இரண்டு அறிவித்தல் வாசித்தாயிற்று. மாப்பிள்ளை தோமஸ். பொம்பிளை அவரின் மகள் யூலிற்றா. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் பொம்பிளையைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இல்லையென்றால் ஞானப்பிரகாசத்தின் வாக்குப் போச்சு.

வாக்கும் சும்மா வாக்கில்லை. அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் கடல் ஏறிவந்தபோது, ஞானப்பிரகாசத்தின் மனைவி மார்கிறட்டைத் தண்ணீர் கொண்டுபோனது. மகளைக் கொண்டுபோகவில்லை, தோமஸ் நீந்திப்போய் அவளின் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து பனையோடு சேர்த்துக் கட்டினான். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. கரையொதுங்கிய மனைவியைப் புதைக்க ஈரமில்லாத மண்கூடக் கிடைக்காத அந்த நேரத்தில் ஞானப்பிரகாசம் அவனின் கையைப் பிடித்து, "இவள் உனக்குத்தானடா தம்பி" என்றார். அழுதுகொண்டு சொன்ன வாக்கு. அதை மீறுவதென்றால் பிறகு எந்த முகத்தோடு அந்தக் கரையில் வலை இழுக்கிறது?

புயலுக்குப் பிறகு கன்னியாஸ்திரிகள் யூலிற்றாவை மலைநாட்டில் இருந்த தங்கள் மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தையல் படித்தாள், பிறகு பக்கத்தில், எல்லாரும் நோனா என்று கூப்பிடும் ஒரு சீமாட்டி நடத்திய சித்திரத்துணி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. மாதம் ஒரு கடிதம் வரும். சுகம், சுகமறிய ஆவல். இங்கே ஞானப்பிரகாசம் தனியே சோறு காய்ச்சி, தனியே தின்று, தனியே சட்டி கழுவினார். மகள் திரும்பி வந்து அடுத்த வளவில் குடியிருந்தால் போதும் என்று அவருக்கு மனம் கிடந்து அடித்தது. அதைத்தான் அவர் வாக்கு வாக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்பதும் உண்மை.

திங்கட்கிழமை விடியப் பஸ் ஏறி மாங்குளம் வந்தார். கூட வந்தது பாறூக். நீராவிப்பிட்டிக்காரன், கருவாட்டு வியாபாரி, மாதம் ஒருமுறை மலைக்குப் போய் வருகிறவன், சிங்களமும் தெரிந்தவன். மூன்று சாக்குக் கருவாட்டோடு றெயில் பெட்டிக்குள் ஏறினான். ஏறின கையோடு முன் வாங்கில் இருந்த குடும்பம் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனது.

"பாத்தீங்களோ அண்ணை, எனக்கு எப்பவும் யன்னல் கரை கிடைக்கும்" என்றான் பாறூக்.

பொல்காவலையில் இறங்கிப் பதுளை மெயிலுக்கு மாறினார்கள். வழியில் மண் சரிந்து தண்டவாளத்தில் கிடந்ததால் மெயில் பல மணித்தியாலம் தாமதம். ஞானப்பிரகாசம் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. யன்னலுக்கு வெளியே எதுவோ வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"உதென்ன தம்பி, மழை முகிலோ?"

"மலை அண்ணை."

அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார், பிறகு யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தார். "உவ்வளவு பெரிசா என்னத்துக்கு?" என்றார். ஐம்பத்திரண்டு வயது வரை தென்னை உயரத்துக்கு மேலே எதையும் அண்ணாந்து பார்த்திராத மனுசன், வேறு என்ன கேட்பார்?

அந்தப் பட்டினத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர், எங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்ததேயில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு தெரு, அதில் ஒரு பேக்கரி, ஒரு தபாற்கந்தோர், ஐந்தாறு கடைகள். இரண்டு பக்கமும் பள்ளம். தேயிலை பார்க்க வந்த வெள்ளைக்காரர் போன பிறகு அவர்களின் பங்களாக்களில் படம் கீறுகிறவர்களும், மண்பானை வனைகிறவர்களும், வயலின் வாசிக்கிறவர்களும் வந்து குடியேறியிருந்தார்கள். தெரு நெடுக யாரோ எதையோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வேலை இல்லாத சனம் என்றுதான் ஞானப்பிரகாசம் முதலில் நினைத்தார்.

தெருவோரத்தில் ஒரு கிழவர் முக்காலியில் இருந்து, எதிரே நின்ற சவுக்கு மரத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். ஞானப்பிரகாசம் பின்னால் போய் நின்றார். மரம் ஒரு கிளையாக வந்தது, பிறகு இன்னொரு கிளை. அந்த நேரம் ஒரு முகில் பேக்கரி வாசலால் உள்ளே போய்ப் பக்க யன்னலால் வெளியே வந்தது. மெய்யாகவே வந்தது. பேக்கரிக்காரன் தலையைக்கூடத் திருப்பவில்லை. முகில் தெருவைக் கடந்து மரத்தை மூடியது. கிழவர் தூரிகையைக் காதில் செருகிவிட்டுக் காத்திருந்தார், அது விலகியதும் விட்ட இடத்திலிருந்து கீறினார். பள்ளத்துப் பக்கம் யாரோ மேளம் பழகினார்கள். அந்தச் சத்தம் கிட்ட வருவதும் தூரப் போவதுமாய் இருந்தது. ஞானப்பிரகாசத்துக்குத் தான் இன்னும் றெயிலில் நித்திரையாய்க் கிடக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது.

"அண்ணை, ஒரு மணித்தியாலமா நிக்கிறியள். மகளைப் பாக்க வந்தனீங்களோ மரத்தைப் பாக்க வந்தனீங்களோ?" என்று பாறூக் தோளில் தட்டினான். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, நோனா வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

நோனா வீடு மெழுகு மணத்தது. ஒன்பது பெட்டைகள் நீள மேசைகளில் வெள்ளைத்துணியை விரித்து, உருக்கிய மெழுகால் கோடு இழுத்தார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளையாகவே நிற்கும். மற்ற இடம் நீலமாகும். கொடிகளில் துணிகள் நீலநீலமாய்த் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு யூலிற்றா வந்தாள். மணிக்கட்டுவரை கை நீலம். போகும்போது எலும்பும் தோலுமாய்ப் போன பிள்ளை, இப்போது முகத்தில் சதை வைத்திருந்தாள்.

"அப்பா! என்ன சொல்லாமல் கொள்ளாமல்?"

"சும்மாதான் பிள்ளை. உன்னைப் பாக்கத்தான்."

இது இரண்டாவது பொய். பின்னேரம் குசினியில் அவள் சோறு போட்டுக்கொடுத்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரெண்டு அறிவித்தல் வாசிச்சாச்சு, வாற ஞாயிறு மூண்டாவது, புதன் கலியாணம், தோமஸ் புதுக் கொட்டில் போட்டிருக்கிறான், கடலைப் பார்த்த வாசல்.

யூலிற்றாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அதைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "எப்ப வெளிக்கிடவேணும்?" என்றாள்.

"வியாழன் காலமை றெயில்."

"சரி அப்பா" என்றாள். அவ்வளவுதான். அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. ஞானப்பிரகாசத்துக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. இன்னொரு அகப்பை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நோனா பின்பக்கத்தில் ஒரு அறை ஒழுங்குபண்ணிக் கொடுத்தா. இரண்டு கம்பளியைப் போர்த்துக்கொண்டு மனுசன் நன்றாக உறங்கினார்.

கடற்கரைக்காரருக்கு விடிய முன்னம் விழிப்பு வந்துவிடும். எழும்பியதும் வெளியே போய்க் கடலைப் பார்க்கவேண்டும், பிறகுதான் முகம் கழுவுவார்கள். எங்கே இருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் ஞானப்பிரகாசமும் அப்படித்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

கடல் இருந்தது.

வளவின் வேலியடியிலிருந்து வானம் தொடுகிற இடம்வரை வெள்ளையாய்க் கிடந்தது. நேற்றுப் பார்த்த மலைகள் சின்னத் தீவுகளாய் அங்கொன்று இங்கொன்றாய்த் தலையைக் காட்டின. பள்ளத்தில் இருந்த தேயிலைத் தோட்டம் இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் இல்லை, தெரு இல்லை. சத்தமே இல்லாமல் அலை எழும்பி எழும்பி மேலே வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே முதலாவது வேலிக்கட்டை மறைந்தது. பிறகு இரண்டாவது.

யோசிக்க அவருக்கு நேரமில்லை. கால் தானாக ஓடியது. பெட்டைகள் படுக்கிற அறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"யூலிற்றா! எழும்பு பிள்ளை! கடல் ஏறுது! ஐயோ மாதாவே, கடல் ஏறுது! எல்லாரும் மேலை ஓடுங்கோ! மார்கிறட், பிள்ளையைப் பிடி!"

கதவுகள் திறந்தன. பெட்டைகள் போர்வையோடு வந்தார்கள். நோனா கம்பளிச் சால்வையோடு வந்தா. இப்படியொரு கூத்துக்கு வேறு எங்கே என்றாலும் சனம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. யூலிற்றா ஓடிவந்து அவரின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் அவளை மேட்டுப் பக்கம் இழுக்க, அவள் அவரை வேலிப் பக்கம் இழுத்தாள். இழுத்துக்கொண்டுபோய் அவரின் கையை அந்த வெள்ளைக்குள் வைத்தாள்.

"பாருங்கோ அப்பா. இழுக்குதோ? பனிப்புகார்தான். தண்ணியில்லை அப்பா, தண்ணியில்லை."

கை குளிர்ந்தது. இழுக்கவில்லை. ஞானப்பிரகாசம் அப்படியே புல்லில் இருந்துவிட்டார். நோனா ஏதோ இங்கிலீசில் சொல்லிவிட்டுத் தன் சால்வையை அவரின் தோளில் போட்டா.

"என்னவாம்?"

"இந்த வீட்டிலை இது ரெண்டாந்தரமாம்" என்றாள் யூலிற்றா. "முதல்தரம் நான். மடத்திலை சுத்திவர மதில், இது தெரியாது. இஞ்சை வந்து அடுத்தநாள் விடியக்கைதான் கண்டனான். நான் உங்களைப்போலை கதவிலை தட்டேல்லை, யன்னலாலை பாய்ஞ்சு தெருவழியை ஓடினனான். பேக்கரி மட்டும் ஓடிப்போனன். நோனாதான் பிடிச்சுக் கொண்டந்து, இந்த இடத்திலை இருத்தி, வெயில் வந்து இது வடியுமட்டும் கூட இருந்தவா."

இருவரும் புல்லில் இருந்தார்கள். வெள்ளை அவர்களின் காலடிவரை வந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"பேந்து ஒவ்வொரு விடியவும் வந்து பாத்தனான்" என்றாள் அவள். "இஞ்சை கடல் ஒவ்வொரு நாளும் வருது அப்பா. வாசலடி மட்டும் வருது, பேந்து தன்ரை பாட்டிலை போகுது. ஒருத்தரையும் கொண்டுபோறேல்லை. எனக்கு இப்ப நித்திரை வருது."

"அங்கை வரேல்லையோ?"

"அம்மா போனாப்பிறகு நான் அங்கை இருந்த மூண்டு மாசமும் கண்மூடேல்லை. அலைச் சத்தம் கேக்கக் கேக்கக் கதவடியிலை நிப்பன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் குறட்டை விட்டனீங்கள்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் சுட்டது. அவள் அவரின் முதுகைத் தடவிவிட்டு, "யோசியாதேங்கோ. வாறனெண்டு சொன்னால் வருவன். தோமஸ் நல்ல பெடியன். பெட்டி கட்டத் துவங்கியிட்டன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது, பள்ளத்தில் லயங்களும் தெருவும் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.

அன்று முழுக்க அவள் பயணம் சொல்லப் போனாள், அவரும் கூடவே போனார். பேக்கரியில் சொன்னாள். பேக்கரிக்காரன் ஒரு பணிஸைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கமாட்டேன் என்றான். சவுக்குமரக் கிழவருக்குச் சொன்னாள். கிழவர் இன்னும் அதே மரத்தைத்தான் கீறிக்கொண்டிருந்தார். பானை வனைகிறவள், தபாற்காரன், தெருமுனையில் பூ விற்கிற மலைத்தோட்டத்துக் கிழவி, எல்லாருக்கும் அவளின் பெயர் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் முகம் வாடினார்கள். தன் மகளுக்கு ஒரு முழு ஊர் இருப்பது ஞானப்பிரகாசத்துக்கு அன்றுதான் தெரிந்தது. பெருமையும் வந்தது, பொறாமையும் வந்தது.

பின்னேரம் நோனா அவரைக் கூப்பிட்டுக் கொடியில் கடைசியாய்த் தொங்கிய துணியைக் காட்டினா. யூலிற்றா ஐந்து மாதமாய்ச் செய்தது, இன்னும் ஒரு சாயம் தோய்க்க இருந்ததாம். மேலே எல்லாம் வெள்ளை, அந்த விடியற்காலைப் பனிப்புகார். அதற்குக் கீழே நீலத்தில் ஒரு கரை. வரிசையாய்க் கொட்டில்கள், குசினிகளில் புகை, காயப்போட்ட வலை, பூவரசு. ஒரு பொம்பிளை முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டு நின்றாள். வலக்காலைக் கொஞ்சம் சரித்து நின்றாள். மார்கிறட் அப்படித்தான் நிற்பாள். அவளுக்கு மேலே அவ்வளவு கடல் கிடந்தது, அவளின் சீலையில் ஒரு பொட்டுக்கூட நனையவில்லை.

ஞானப்பிரகாசம் துணியைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சினார். மெழுகுப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று நோனாவுக்குத் தமிழில் சொன்னார். நோனாவுக்கு விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினா.

வியாழக்கிழமை காலை ஸ்ரேசன். யூலிற்றா நல்ல சீலை உடுத்து, தகரப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியைத் தோளில் கொண்டுவந்தது பாறூக். அவன் கருவாடு விற்று முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. றெயில் வந்தது. ஞானப்பிரகாசம் ஏறினார். யூலிற்றா பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்க, மற்றப் பக்கத்தை அவர் பிடித்து ஏற்றவேண்டும். அவர் பிடிக்கவில்லை.

"தம்பி பாறூக், பெட்டியைத் திருப்பி நோனா வீட்டை கொண்டுபோ."

"என்ன அண்ணை, விசரோ?"

"ஓம், விசர்தான். கொண்டுபோ." பிறகு மகளைப் பார்த்தார். "நீ நில் பிள்ளை. அந்தத் துணிக்கு இன்னும் ஒரு சாயம் இருக்காம்."

"அப்பா, உங்கடை வாக்கு?"

"அது என்ரை வாக்குத்தானே, உன்ரை இல்லையே. நான் பாத்துக்கொள்ளுறன்."

யூலிற்றா யன்னல் கம்பியில் இருந்த அவரின் கையைப் பிடித்தாள். றெயில் அசைந்த பிறகும் பிடித்துக்கொண்டே மேடையின் முடிவுவரை நடந்தாள். கை விட்ட பிறகு ஞானப்பிரகாசத்தின் விரல்களில் கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது.

றெயிலில் இருக்கும்வரை மனுசன் வீரன். ஊருக்கு வந்ததும் வீரம் எங்கே போனதோ தெரியாது. சனிக்கிழமை காலை, சொல்லிவிடுவோம் என்று தோமஸ் வீட்டுக்குப் போனார். அங்கே பந்தல்கால் நாட்டி முடிந்திருந்தது. தோமஸின் தாய் பயித்தம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தா. "வாங்கோ சம்பந்தி! பொம்பிளை வந்திட்டாளோ? களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாள் போலை" என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லி, தட்டை நீட்டினா. ஞானப்பிரகாசம் மூன்று பணியாரம் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், நல்ல பதம் என்றார், வீட்டுக்கு வந்துவிட்டார். தோமஸைக் காணவில்லை. கண்டிருந்தாலும் வாய் திறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையச் சனம். பிரசங்கம் முடிந்து சுவாமியார் கடுதாசியை எடுத்தார். "மூன்றாம் முறையும் இறுதி முறையுமாக" என்று தொடங்கினார். பெயர்களை வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் தோமஸ் வெள்ளைச் சேட்டோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தான். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்துவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தார். சனம் இருமியது. ஒரு குழந்தை சிணுங்கியது.

ஞானப்பிரகாசம் எழும்பினார்.

மனுசனுக்கு வயிற்றைக் கலக்குகிறதாக்கும், வெளியே போகப்போகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் போகவில்லை. வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஞானப்பிரகாசம்?" என்றார் சுவாமியார்.

"தடை இருக்குது சுவாமி."

சுவாமியார் கடுதாசியைக் கீழே இறக்கினார்.

"பிள்ளைக்குச் சம்மதமெண்டு உங்களுக்கு நான் சொன்னது பொய். நான் அவளைக் கேக்கேல்லை. கேட்டால் இல்லையெண்டு சொல்லியிடுவாளோ எண்டு பயத்திலை கேக்கேல்லை. அவளுக்கு இந்தக் கடலடியிலை இருக்க ஏலாது சுவாமி. எனக்குத் தனிய இருக்க ஏலாமல் கிடந்துது, அதுதான் செய்தனான். தோமஸிலை ஒரு பிழையுமில்லை. பிழை முழுக்க என்ரை."

பெண்கள் பக்கத்தில் தோமஸின் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டா. "நன்றி கெட்ட மனுசன்! என்ரை பிள்ளை உயிரைக் குடுத்து எடுத்தவன்!" என்று சத்தம் போட்டா. நாலைந்து பேர் எழும்பினார்கள். அப்போது தோமஸும் எழும்பினான். அவன் கை நீட்டினால் வாங்குவது நியாயம் என்று ஞானப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, சும்மா இருங்கோ" என்றான் தோமஸ். அவனுக்கு அவளில் விருப்பம் இருந்தது, அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பிறகு ஞானப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினான்.

"மாமா, அண்டைக்கு நான் அவளைத் தண்ணிக்குள்ளாலை எடுத்தது கலியாணம் முடிக்கிறதுக்கில்லை. அவள் இருக்கவேணுமெண்டுதான் எடுத்தனான். எங்கையெண்டாலும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவன் இருந்துவிட்டான். சுவாமியார் கடுதாசியை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். ஞானப்பிரகாசம் நின்ற இடத்திலேயே, அவ்வளவு சனத்துக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார்.